டெர்வென்ட் பள்ளத்தாக்கைத் தண்ணீரின் வழியே படிப்பது எப்படி: குரோம்ஃபோர்டு முதல் பெல்பர் வரை ஒரு நடைக் கையேடு

இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஓடும் டெர்வென்ட் ஆற்றங்கரையில், மேட்லாக் பாத் ஊரின் மேசன் ஆலை தொடங்கி டார்பி நகரின் பட்டு ஆலை வரை ஏறத்தாழ 24 கி.மீ. நீளத்துக்கு உள்ள பகுதியை யுனெஸ்கோ 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தண்ணீரால் ஓடிய நவீன நூற்பாலை முழு வடிவம் பெற்ற இடம் இதுதான். கட்டடங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் நாலாவது ஆலையில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? யாருக்கு உரிமையாக இருந்தது? வேலை முடித்தபின் எங்கே போனது? ஆலை ஏன் அங்கே நிற்கிறது, ஏன் மூடியது, அங்கே இன்று எந்த உயிரினம் குடியிருக்கிறது என்பதற்கெல்லாம் விடை பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

கிளம்புமுன்

1:25,000 அளவு ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் வேண்டும். குரோம்ஃபோர்டு பகுதிக்கு ஓ.எல். 24, பெல்பர் பகுதிக்கு எக்ஸ்ப்ளோரர் 259. அதைவிட முக்கியமானது பழைய வரைபடம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் ஆறு அங்குல, இருபத்தைந்து அங்குல வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழையதையும் இன்றைய வான்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. முந்தின நாள் ஒரு மணி நேரம் அதில் உட்கார்ந்து வாய்க்கால், மதகு, ஆலைக்குளம், சுரங்க வாய் ஆகியவற்றை நீல மையால் உங்கள் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இன்று புல் மூடிக் கிடக்கும் பல வாய்க்கால்களை இந்தக் குறிப்பு இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது.

பருவத்தை நோக்கத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். சுவர்களும் வாய்க்கால்களும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் இலை உதிர்ந்த நவம்பர் முதல் மார்ச் வரை. நீர்வாழ் உயிரினங்களுக்கும் ஈயக் கழிவு மேட்டுப் பூக்களுக்கும் மே முதல் ஆகஸ்டு வரை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டுமென்றால் ஏப்ரல் கடைசி வாரம் நல்லது. கனமழை பெய்த மறுநாள் போகாதீர்கள். ஆறு கலங்கிப் பெருகி, தடுப்பணைகளின் வடிவமே நீருக்குள் மறைந்துவிடும்.

டார்பியிலிருந்து மேட்லாக் போகும் ரயிலில் குரோம்ஃபோர்டில் இறங்கி, கால்வாய்க் கரையோடு ஆம்பர்கேட் வரை நடந்து, அங்கே ரயிலேறி பெல்பரில் இறங்கலாம். கால்வாய் நடை சுமார் 9 கி.மீ., கிட்டத்தட்டச் சமதளம். நின்று பார்த்துப் போக ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். வழியில் வாட்ஸ்டாண்ட்வெல்லில் ஒரு நிலையம் உண்டு; களைத்தால் அங்கேயே ரயில் பிடிக்கலாம். கையில் பத்து மீட்டர் நாடா, ஒரு நீளக் குச்சி, இருகண்நோக்கி, ஒரு ஆரஞ்சுப் பழம். பழத்தின் தோலுக்கு வேலை இருக்கிறது.

முதலில் கல்லைப் பாருங்கள்

இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு பாறைகள் சந்திக்கின்றன. ஒன்று வெளிர் சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். மற்றது பழுப்பான, கையில் உரசும் கரடுமுரடான மணற்கல்லான கிரிட்ஸ்டோன். வயல்வெளிச் சுவர்களை அந்தந்த இடத்துக் கல்லாலேயே கட்டினார்கள் என்பதால், சுவரின் நிறம் மாறும் இடத்தில் பெரும்பாலும் தரைக்கடியில் பாறையும் மாறுகிறது. சந்தேகம் வந்தால், கீழே கிடக்கும் ஒரு துண்டை ஆணியால் சுரண்டி அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்புக்கல். சுவரிலிருந்து கல்லைப் பிடுங்கக் கூடாது.

வேறுபாடு ஏன் முக்கியம்? சுண்ணாம்புக்கல் தண்ணீரை உள்ளே விழுங்கிக்கொள்ளும். மேலே ஓடை வறண்டு கிடக்கும்போது அடியில் வெள்ளம் ஓடும். அதே பாறையின் வெடிப்புகளில்தான் ஈயத் தாது இருந்தது. ஈயம் தோண்டியவர்களுக்கு நிலத்தடி நீரே பெரிய எதிரி. அதை வெளியேற்ற மலைக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் வடிகால் சுரங்கங்களைக் குடைந்தார்கள். இவற்றை இங்கே ‘சஃப்’ என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட குரோம்ஃபோர்டு சஃப் அப்படிப்பட்ட ஒன்று. சுரங்கக்காரர்களுக்குக் கழிவாக இருந்த அந்த நீர்தான் பிறகு வந்த ஆலைக்காரருக்கு முதலீடாயிற்று.

குரோம்ஃபோர்டு: ஓடையும் சஃப்பும்

நிலையத்திலிருந்து இறங்கி வரும்போது குரோம்ஃபோர்டு பாலத்தின் இரண்டு பக்கங்களையும் பாருங்கள். ஒரு பக்கம் இடைக்காலத்துக் கூர்வளைவு, மறுபக்கம் அரைவட்ட வளைவு. பாலத்தைப் பின்னாளில் அகலப்படுத்தியதன் அடையாளம் இது.

ஆலைக்குள் நேராகப் போய்விட வேண்டாம். ஊருக்குள் ஏறி, 1778-இல் கட்டிய கிரேஹவுண்ட் விடுதிக்குப் பின்னால் உள்ள குளத்திலிருந்து தொடங்குங்கள். போன்சால் ஓடையை மறித்துச் சேமித்த ஆலைக்குளம் அது. இங்கேயும் கீழே ஓடையிலும் மதகுகள், கலிங்கு, பக்கவாய்க்கால் ஆகியவை எங்கே பிரிகின்றன என்று குறித்துக்கொண்டே ஆலை வரை இறங்கி வாருங்கள்.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769-இல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பஞ்சுத்திரியை அடுத்தடுத்த உருளை ஜோடிகளுக்கு இடையே விட்டு, ஒவ்வொரு ஜோடியையும் முந்தினதைவிட வேகமாகச் சுழற்றினால் திரி நீண்டு மெலியும். கடைசியில் சுழலும் நூற்புக் கதிர் அதற்கு முறுக்கு ஏற்றும். இப்படி நூற்ற நூல் பாவு நூலாகத் தறியில் இழுத்துக் கட்டத் தாங்கும். அதுவரை இங்கிலாந்தில் பாவுக்கு லினன், ஊடைக்கு மட்டும் பருத்தி என்பதே வழக்கம். நாட்டிங்காமில் குதிரைகளை வைத்து இயந்திரத்தை ஓட்டிப் பார்த்த ஆர்க்ரைட், ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் என்ற இரு கூட்டாளிகளின் பணத்தோடு 1771-இல் குரோம்ஃபோர்டுக்கு வந்தார்.

இவ்வளவு பெரிய ஆறு பக்கத்தில் ஓடும்போது சிற்றோடையை ஏன் தேர்ந்தார் என்பது இங்கே கேட்க வேண்டிய கேள்வி. ஆற்றை மறிக்கப் பெரிய அணையும் பெரும் பணமும் வேண்டும். வெள்ளத்தில் அது அடித்துக்கொண்டு போகும் ஆபத்தும் உண்டு. ஓடையும் சஃப்பும் சரிவில் இறங்குவதால் சிறிய கட்டுமானத்திலேயே நல்ல வீழ்ச்சி கிடைத்தது. அதோடு சஃப் நீர் ஆழ்நிலத்திலிருந்து வருவது, கடுங்குளிரிலும் உறையாது. ஜனவரியிலும் சக்கரம் நிற்காது என்பது இரவும் பகலும் ஓட்ட நினைத்த ஆலைக்கு எவ்வளவு பெரிய வரம்! ஈயச் சுரங்கத் தொழிலாளர்களின் மனைவியரும் பிள்ளைகளும் கூலிக்குக் கிடைப்பார்கள் என்ற கணக்கும் இதில் இருந்தது. ஏழு வயதுக் குழந்தைகள்கூட நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இங்கே உழைத்தார்கள்.

ஓடையின் வலிமையை நீங்களே மதிப்பிடலாம். கரை நேராகவும் தாழ்வாகவும் இருக்கும் இடத்தில் 10 மீட்டர் அளந்து, ஆரஞ்சுத் தோலை மிதக்கவிட்டு நேரம் எடுங்கள். மூன்று முறை செய்து சராசரி காணுங்கள். பரப்பில் ஓடும் நீர் அடிநீரைவிட வேகமானது. அதனால் வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும். கரையில் நின்றபடியே குச்சியால் ஆழம் பாருங்கள். நீரில் இறங்க வேண்டாம். அகலம் 2 மீ., சராசரி ஆழம் 0.3 மீ., வேகம் நொடிக்கு 0.5 மீ. என்று கிடைத்தால், ஓட்டம் நொடிக்குச் சுமார் 0.25 கன மீட்டர். அதை வீழ்ச்சியின் உயரத்தாலும் 9.8-ஆலும் பெருக்கினால் கிலோவாட்டில் மொத்த ஆற்றல் வரும். 4 மீட்டர் வீழ்ச்சிக்கு ஏறத்தாழ 10 கிலோவாட். மேலிருந்து நீர் விழும் சக்கரம் அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் நீர் மோதும் சக்கரம் அதில் பாதியளவுதான் தரும் என்று பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759-இலேயே சோதித்துக் காட்டியிருந்தார். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் வீழ்ச்சி உயரத்துக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் முழுதாக உறைக்கும்.

இனி ஆலை. சாலையைப் பார்த்த சுவரில் கீழ்த்தளத்துக்குச் சன்னல்களே கிட்டத்தட்ட இல்லை. இயந்திர ரகசியத்தையும் ஆலையையும் காக்க நினைத்தவரின் கட்டடம் அது. முதல் ஆலை ஐந்து தளங்களோடு இருந்தது. தீ விபத்துக்குப் பின் எஞ்சியவை மூன்று. சாலைக்கு மேலே தண்ணீரைக் கொண்டுபோகும் வார்ப்பிரும்புத் தொட்டிப்பாலம் 1821-இல் வைத்தது. ஊருக்குள் 1776-இல் கட்டிய நார்த் ஸ்ட்ரீட் வீடுகளின் மூன்றாம் தளத்தில் நீண்ட சன்னல் வரிசை தெரியும். ஆலை நூலை வீட்டிலேயே நெய்த தறிக்கூடங்கள் அவை.

பருத்தியோடு வந்த இரண்டு செய்திகளை இங்கே மறக்கக் கூடாது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன அச்சுத் துணிகள் அங்கத்திய கம்பளி, பட்டு வணிகத்தைக் கலங்கடித்ததால், பருத்தி அச்சுத் துணி உடுத்துவதையே 1721-இல் சட்டம் தடுத்தது. முழுப் பருத்தித் துணியை உள்நாட்டிலேயே செய்ய முடியும் என்று காட்டி, 1774-இல் அந்தத் தடையைத் தளர்த்த வைத்தது ஆர்க்ரைட் தரப்பு. இன்னொன்று, இங்கே நூற்ற பஞ்சில் பெரும்பகுதி கரீபியத் தீவுகளிலும் பிறகு அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அடிமைகளாக்கப்பட்ட மனிதர்கள் விளைவித்தது. கட்டடத்தின் அழகைச் சொல்லும் எவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நேரமிருந்தால் ஏ6 சாலையில் ஒரு கிலோமீட்டர் வடக்கே நடந்து மேசன் ஆலையைப் பாருங்கள். 1783-இல், கையில் பணம் சேர்ந்தபின், ஆர்க்ரைட் ஆற்றையே பயன்படுத்திக் கட்டியது. குரோம்ஃபோர்டின் இறுகிய கல் முகத்தையும் மேசனின் சிவப்புச் செங்கல், அலங்காரச் சன்னல்களையும் ஒப்பிட்டால், பன்னிரண்டு ஆண்டில் ஆர்க்ரைட்டுக்கு வந்த துணிச்சல் தெரியும்.

தண்ணீர் களவுபோன கதை

1772-இல், அதாவது ஆர்க்ரைட் வந்த மறு ஆண்டே, இன்னும் தாழ்ந்த மட்டத்தில் மீர்புரூக் சஃப் என்ற புதிய வடிகாலைச் சுரங்கக்காரர்கள் குடையத் தொடங்கினார்கள். தாழ்ந்த வடிகால் மலைக்குள் முன்னேற முன்னேற, உயர்ந்த வடிகாலின் நீர் அதற்குள் இறங்கிப் போகும். 1830-களில் அது நடந்தது. ஆர்க்ரைட் குடும்பம் வழக்காடியது. சுரங்கத்தை வடிக்கச் செயற்கையாக வெளியேற்றிய நீர் என்றென்றும் தொடர வேண்டும் என்று கோரும் உரிமை ஆலைக்கு இல்லை என்று 1839-இல் தீர்ப்பு வந்தது. ஆர்க்ரைட் எதிர் கெல் என்ற அந்த வழக்கு இன்றும் நீர்ச் சட்டத்தில் பேசப்படுவது. குரோம்ஃபோர்டின் நூற்பு அதற்குப்பின் தேய்ந்தது. மீர்புரூக் நீரோ இன்றைக்குக் குடிநீராகக் குழாய்களில் போகிறது.

இதே இழப்பு அடுத்த இடத்திலும் தெரியும். ஆலை வேலை முடித்து விட்ட நீர்தான் குரோம்ஃபோர்டு கால்வாயின் தலைமடை. பொறியாளர் வில்லியம் ஜெசப் திட்டமிட்டு 1794-இல் திறந்த இந்தக் கால்வாய் லாங்லி மில் வரை சுமார் 23 கி.மீ. ஓடியது. கால்வாயின் படகுத்துறையிலிருந்து இரண்டு கி.மீ. நடந்தால் ஹை பீக் சந்திப்பு வரும். குரோம்ஃபோர்டு–ஹை பீக் ரயில்பாதை இங்கே மலையேறத் தொடங்கியது. எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் வண்டிகளை நீராவி இயந்திரம் இழுத்தது. அறுத்துக்கொண்டு ஓடிய வண்டிகள் 1888-இல் கால்வாயையும் தாண்டிப் பாய்ந்தபின், அவற்றைப் பிடிக்க ஒரு குழி வெட்டினார்கள். சரிவின் கீழ்ப்பகுதியில் அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னும் சற்றுத் தூரத்தில் லீவுட் நீரேற்று நிலையம். சஃப் நீர் குறைந்து கால்வாய் வற்றியதால் 1849-இல் கட்டியது. அதன் நீராவி இயந்திரம் ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ நான்கு டன் வீதம், நிமிடத்துக்கு ஏழு வீச்சு, ஆற்று நீரைக் கால்வாய்க்கு ஏற்றியது. ஆனால் நினைத்தபோது இறைக்க முடியாது. கீழே இருக்கும் ஆலைகளின் உரிமை பாதிக்காதபடி, சனி இரவு 8 மணி முதல் ஞாயிறு இரவு 8 மணி வரை மட்டுமே அனுமதி. ஆலைகள் ஓய்ந்திருக்கும் ஒரே நாளுக்குள் வாரத் தண்ணீர் முழுவதையும் ஏற்ற வேண்டும் என்பதால்தான் இயந்திரம் இவ்வளவு பெரிது. தன்னார்வலர்கள் சில வார இறுதிகளில் இதை நீராவியில் ஓட்டிக் காட்டுகிறார்கள். தேதியைப் பார்த்து அதற்கேற்ப உங்கள் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்திலேயே கால்வாய் ஆற்றைக் கடக்கும் தொட்டிப்பாலம். முதலில் கட்டியபோது கிரிச் என்ற ஊரின் சுண்ணாம்பு சரியாக இறுகாமல் விரிசல் விட்டது; ஜெசப் பொறுப்பேற்றுத் தன் செலவில் திருத்திக் கொடுத்தார்.

கால்வாயில் நீர்ச்சுண்டெலி தேடுவது

கால்வாய் 1944-இல் கைவிடப்பட்டது. படகு இல்லாத, அலையில்லாத, சுண்ணாம்பு கலந்த தெளிந்த நீர் அதன்பின் உயிரினங்களுக்கு உரியதாயிற்று. குரோம்ஃபோர்டு–ஆம்பர்கேட் பகுதி சட்டப் பாதுகாப்புள்ள இயற்கைத் தலம். இங்கே தேட வேண்டியது நீர்ச்சுண்டெலி (வாட்டர் வோல்). அது இருக்கிறதா என்பதை அடையாளங்களால் உறுதிசெய்யலாம்:

- நீர்மட்டத்தை ஒட்டி 4 முதல் 8 செ.மீ. அகலமுள்ள வளையின் வாய்.
- கரையில் குவித்த, சாய்வாகக் கடித்து நறுக்கிய சுமார் 10 செ.மீ. தண்டுகள்.
- 8 முதல் 12 மி.மீ. நீள, இரு முனையும் மழுங்கிய புழுக்கைகள் ஒரே இடத்தில் குவியலாக.

பழுப்பு எலியோடு குழம்புவதுதான் வழக்கமான தவறு. நீர்ச்சுண்டெலிக்கு மூக்கு மழுக்கை, காது மயிருக்குள் மறைந்திருக்கும், வாலில் மயிர் உண்டு. எலிக்குக் கூர்மூக்கு, எடுப்பான காது, நீண்ட மொட்டை வால். காலை எட்டு மணிக்குள் வந்து, ஒரே இடத்தில் இருபது நிமிடம் பேசாமல் நில்லுங்கள். நடந்துகொண்டே தேடினால் நீரில் விழும் சத்தம் மட்டுமே மிஞ்சும். அதன் வளைக்குள்ளேயே நுழையக்கூடிய அமெரிக்க மிங்க் என்ற ஊனுண்ணி இதற்குப் பெரும் பகை. நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆற்றின் தடுப்பணைகளில் வேறு பறவைகள். வெண்மார்போடு குனிந்து எழுந்துகொண்டே இருந்து, நீருக்கடியில் நடந்து இரை தேடுவது டிப்பர். மஞ்சள் வயிற்றோடு நீண்ட வாலை ஆட்டுவது சாம்பல் வாலாட்டி; குளிர்காலத்தில் நீலகிரி ஓடைகளில் நாம் பார்க்கும் அதே இனம். கோடையில் கரையெங்கும் இளஞ்சிவப்பாகப் பூப்பது இமாலயத்திலிருந்து 1839-இல் தோட்டச் செடியாகப் போன காசித்தும்பை உறவு. அழகானதுதான். ஆனால் மற்ற செடிகளை அமுக்கிவிட்டு, குளிரில் தானும் மடிந்து கரையை மொட்டையாக விடும்; மண் அரித்துப் போகும். முற்றிய காயைத் தொடாதீர்கள். வெடித்து விதைகளைப் பல மீட்டர் தூரம் வீசும்.

ஈயக் கழிவில் பூக்கும் செடி

ஹை பீக் சந்திப்பிலிருந்து பழைய ரயில் சரிவில் ஏறினால் பிளாக் ராக்ஸ் பாறைகளும் அருகே ஈயச் சுரங்கக் கழிவு மேடும் வரும். ஈயமும் துத்தநாகமும் மிகுந்த மண்ணில் சாதாரணப் புல் வளராது. அந்தப் போட்டியற்ற இடத்தில் ஐந்து வெள்ளை இதழோடு தரையை ஒட்டித் திண்டாகப் படர்வது, உள்ளூரில் லெட்வொர்ட் எனப்படும் செடி. மேட்டில் அது கண்ணில் பட்டால், உங்கள் காலடியில் ஈயம் இருக்கிறது என்று கொள்ளலாம். இந்த மேடுகளை ‘சீர்திருத்த’ மேல்மண் போட்டுப் புல் விதைப்பது நல்லெண்ணத்தில் செய்யும் அழிவு. நச்சு நீர்த்ததும் புல் புகுந்து இவற்றை விழுங்கிவிடும்.

மண்ணைத் தொட்டால் சாப்பிடுமுன் கை கழுவுங்கள். குழந்தைகளை அங்கே உட்கார்ந்து விளையாட விட வேண்டாம். எந்தச் சஃப் வாயிலும், எந்தச் செங்குத்துச் சுரங்கக் குழியிலும் நுழையக் கூடாது. உயிர்வாயு குறைந்த காற்று எச்சரிக்கையே இல்லாமல் ஆளை வீழ்த்தும்.

பெல்பர்

ஆர்க்ரைட்டின் கூட்டாளியான ஜெடிடையா ஸ்ட்ரட் குடும்பத்தின் ஊர் இது. 1797-இல் கட்டிய குதிரைலாட வடிவத் தடுப்பணையை ரிவர் கார்டன்ஸ் பூங்காவிலிருந்து பாருங்கள். வளைத்துக் கட்டினால் கலிங்கின் நீளம் கூடும். வெள்ளம் அகன்று, மெலிதாக வழியும். மேலே நீர்மட்டம் அதிகம் ஏறாது. நேராகக் கட்டியிருந்தால் அதே வெள்ளம் மேல்கரை வயல்களை மூழ்கடித்திருக்கும்.

முந்தைய மர ஆலை 1803-இல் எரிந்தது. எண்ணெய் ஊறிய மரத்தளம், காற்றில் பறக்கும் பஞ்சு, விளக்குச் சுடர் மூன்றும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? வில்லியம் ஸ்ட்ரட் 1804-இல் வார்ப்பிரும்புத் தூண், உத்திரம், செங்கல் வளைவுத் தளம் என்று, பாரம் தாங்க மரத்தையே பயன்படுத்தாமல் நார்த் மில்லைக் கட்டினார். பின்னாளில் வந்த இரும்புச் சட்டகக் கட்டடங்களின் முன்னோடிகளில் ஒன்று இது. உள்ளே போக அனுமதி அவ்வப்போது மாறுவதால் முன்கூட்டி விசாரியுங்கள். சாலைக்கு மேலுள்ள வளைவுப் பாலத்தில் துப்பாக்கி நீட்டும் துளைகளைத் தேடுங்கள். லாங் ரோ தெருவின் தொழிலாளர் வீடுகள் பத்து நிமிட நடையில்.

தடுப்பணைகள் மேலே வண்டலைத் தேக்கி, கீழே சரளையைப் பட்டினி போட்டன. கடலிலிருந்து முட்டையிட வரும் சால்மனுக்கும், வளர வரும் விலாங்குக்கும் வழியை அடைத்தன. அவற்றை இடித்தால் பாரம்பரியம் போகும், விட்டால் மீன் வராது. மீனேணி அமைப்பதே இடைவழி. ஆற்றின் கீழ்ப்பகுதியில் அந்த வேலை தொடங்கியிருக்கிறது. மேலே பெல்பர் வரை அது வந்தே ஆக வேண்டும்.

எந்த அணையின் மேலும் ஏறி நடக்காதீர்கள். அடியில் நீர் சுழன்று திரும்புவதால் விழுந்தவர் வெளியே வர முடியாது. காலணியும் குச்சியும் நீரில் பட்டிருந்தால் சேற்றைக் கழுவி, முழுக்க உலரவைத்த பிறகே வேறோர் ஓடைக்குக் கொண்டுபோங்கள். வெள்ளைக்கால் நண்டிறாலைக் கொல்லும் நோய் ஈரத்தில்தான் பரவுகிறது. நீர்ச்சுண்டெலியின் அடையாளம் கண்டிருந்தால், படத்தோடு தேதியையும் வரைபடக் கட்ட எண்ணையும் சேர்த்து டார்பிஷயர் வனவுயிர் அறக்கட்டளைக்கு அனுப்புங்கள். கட்ட எண் இல்லாத பதிவு யாருக்கும் உதவாது.